தலையணைப் புத்தகத்தின் இரண்டாவது பெயர்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், விஞ்ஞானி ஒருவரைப் பற்றி இருந்தால் நல்லது என்று சங்கத்திலிருந்து கேட்டிருந்தார்கள். ராமன், ராமானுஜன், ஐன்ஸ்டீன் பற்றியெல்லாம் நம்ம மலர்களில் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். யாரை எழுதலாம் என்று யோசித்தபோது, எம்.எஸ்ஸி. படித்த இரண்டு வருஷமும் என் தலைமாட்டில் கிடந்த ஒரு பெயர் ஞாபகம் வந்தது. ஹெர்மன் ஃபெஷ்பாக்.

மற்ற துறை நண்பர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்கும். இயற்பியல் துறைக்காரர்கள் இதற்குள் சிரித்திருப்பார்கள். துறை நூலகத்தில், ஜன்னல் ஓரக் கண்ணாடி பீரோவில், மேல் தட்டில் இரண்டு தடித்த தொகுதிகள் இருக்குமே, மோர்ஸ் அண்ட் ஃபெஷ்பாக், அந்த இரண்டாவது ஆள்தான். 1953-ல் வெளிவந்த கோட்பாட்டு இயற்பியல் முறைகள் பற்றிய நூல் அது. இரண்டு தொகுதியும் சேர்ந்து ஏறத்தாழ இரண்டாயிரம் பக்கம். ஹாஸ்டலில் அதற்குத் தலையணை என்றே பெயர். அதில் சில படங்கள் இரட்டை இரட்டையாக அச்சாகியிருக்கும். கண்ணை ஒரு மாதிரி தளர்த்திப் பார்த்தால் இரண்டு படமும் ஒன்றாகி, பக்கத்திலிருந்து எழுந்து நிற்கும். பரீட்சைக்கு முதல் நாள் இரவு நாலு பேர் வராந்தாவில் மாறுகண் போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து வாட்ச்மேன் பயந்தே போனார். படம் தெரிந்ததோ இல்லையோ, பாடம் எங்களுக்குப் பாதிதான் தெரிந்தது. அது எங்கள் குறை.

அந்தப் புத்தகத்தை எழுதியவர் எப்படிப்பட்டவர் என்று அப்போது எங்களில் யாரும் கேட்டதில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஃபெஷ்பாக் 1917 பிப்ரவரி 2-ஆம் தேதி நியூயார்க் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில்தான் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தது. பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் சம்பளம் கட்ட முடியாது என்பது ஒரு பக்கம். யூதப் பிள்ளைகள் இத்தனை பேருக்கு மேல் வேண்டாம் என்று அவற்றில் சில சொல்லாமலே ஒரு கணக்கு வைத்திருந்தன என்பது இன்னொரு பக்கம். நகரத்தின் பொதுப்பணத்தில் நடந்த சிட்டி காலேஜில் மட்டும் சம்பளம் கிடையாது. தையற்காரர் பிள்ளை, தள்ளுவண்டிக்காரர் பிள்ளை, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் எல்லாம் அங்கேதான் சேர்ந்தார்கள். நம்ம கல்லூரிக்கு டவுன் பஸ் பிடித்து வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய ஜூலியன் ஷ்விங்கரும் சில காலம் அங்கே படித்தவர்தான்.

1937-ல் அங்கே பட்டம் பெற்ற ஃபெஷ்பாக், அடுத்து எம்.ஐ.டி.க்குப் போனார். குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம். அங்கே பிலிப் மோர்ஸ் என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்து 1942-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அங்கேயே ஆசிரியர் ஆனார். 1955-ல் முழுப் பேராசிரியர். வாழ்நாள் முழுக்க அந்த ஒரே இடம்தான். மாணவனாக நுழைந்த இடத்திலேயே தலை நரைத்தவர்கள் நம்ம கல்லூரியிலும் உண்டு, அவர்களை நினைத்துக்கொள்ளலாம்.

தலையணைப் புத்தகம்கூட எம்.ஐ.டி. வகுப்பறையில் குருவும் சிஷ்யனும் வருஷக்கணக்கில் நடத்திய பாடத்திலிருந்து வளர்ந்ததுதான். ஆனால் ஃபெஷ்பாக்கின் சொந்த வேலை வேறு. அணுக்கரு மீது ஒரு நியூட்ரான் மோதினால் என்ன ஆகும் என்பதுதான் அவருடைய கேள்வி.

அந்தக் காலத்தில் இதற்கு ஒன்றுக்கொன்று ஒட்டாத பதில்கள் இருந்தன. சில நியூட்ரான்கள் அணுக்கருவை உரசிக்கொண்டு சட்டென்று போய்விடுகின்றன. சில உள்ளே புகுந்து, அங்கே இருப்பவற்றோடு தன் ஆற்றலைப் பங்கு போட்டு, நெடுநேரம் தங்கி, பிறகு வெளியே வருகின்றன. 1954-ல் ஃபெஷ்பாக், போர்ட்டர், வைஸ்கோப் மூவரும் சேர்ந்து அணுக்கருவை ஒரு மங்கலான கண்ணாடி உருண்டை போலக் கணக்கிடலாம் என்று காட்டினார்கள். கொஞ்சம் ஒளியை உள்ளே விழுங்கும், கொஞ்சத்தை வளைத்து வெளியே விடும். கணக்கு சோதனையோடு நன்றாகவே ஒத்துப்போனது.

ஆனால் ஃபெஷ்பாக்குக்குத் திருப்தி இல்லை. உரசிப் போவதும் உள்ளே தங்குவதும் ஒரே சமன்பாட்டிலிருந்து வர வேண்டாமா? 1958-லும் 1962-லும் இரண்டு நீண்ட கட்டுரைகளில் அதைச் செய்தார். நடக்கக்கூடிய எல்லா நிலைகளையும் அவர் இரண்டு பங்காகப் பிரித்தார். வந்த துகள் விலகிப் போக வழி உள்ள நிலைகள் ஒரு பங்கு, அதற்கு பி என்று பெயர். துகள்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கும், தானாக விலகிப் போக ஆற்றல் போதாத நிலைகள் இன்னொரு பங்கு, அது க்யூ. முதலாவது திறந்த தடம், இரண்டாவது மூடிய தடம். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இணைப்பு. இதுவரை கேட்டால் சாதாரணமாகத்தான் இருக்கும். மூடிய தடத்தில் உள்ள ஒரு நிலையின் ஆற்றலும், வருகிற துகளின் ஆற்றலும் சமமாகும்போதுதான் வேடிக்கை.

இதைப் பிள்ளைகளுக்கு நான் திண்ணையை வைத்துத்தான் சொல்வேன். தெருவோடு ஒரு வழிப்போக்கன் போகிறான். பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. அது ரொம்ப உயரமாக இருந்தால் ஏற மாட்டான், ரொம்பப் பள்ளமாக இருந்தால் இறங்க மாட்டான், பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பான். சரியாக உட்காரும் உயரத்தில் இருந்தால்? சற்று உட்கார்ந்துவிட்டுப் போவான். அவன் அங்கேயே குடியிருக்கப் போவதில்லை, எழுந்து போகத்தான் போகிறான். ஆனால் உட்கார்ந்து எழுந்ததில் அவன் பயணமே மாறிவிடுகிறது. இந்த உட்கார்ந்து எழுவதைத்தான் இன்று உலகம் ஃபெஷ்பாக் ஒத்ததிர்வு என்கிறது.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இதே கருத்தை இத்தாலியில் ஃபெர்மியின் மாணவரான யூகோ ஃபானோ 1935-லேயே அணுக்களின் நிறமாலையை விளக்கும்போது தொட்டுவிட்டார். 1961-ல் விரிவாகவும் எழுதினார். அதனால் சிலர் ஃபானோ-ஃபெஷ்பாக் என்று இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்வார்கள். அப்படிச் சொல்வதுதான் சரி என்பது என் கட்சி.

அணுக்கரு விஷயத்தில் ஒரு சங்கடம் இருந்தது. திண்ணையின் உயரம் இயற்கை கட்டியது. அதை ஏற்றவோ இறக்கவோ நம்மால் முடியாது. அணுக்கரு மட்டங்களுக்கு முன்னால் ஆய்வகக் காந்தம் எல்லாம் மலைக்கு முன்னால் கடப்பாரை மாதிரி. நியூட்ரானின் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, எந்த உயரத்தில் திண்ணை இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம், அவ்வளவுதான். ஃபெஷ்பாக்கும் அதற்கு மேல் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

இதற்கு நடுவில் அவர் வாழ்க்கையில் இன்னொரு பக்கம் திறந்தது. அதைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரையே எழுத வேண்டாம்.

1960-களின் கடைசி. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தது. எம்.ஐ.டி. போன்ற இடங்களில் ஆராய்ச்சிப் பணத்தில் பெரும்பங்கு ராணுவத்திலிருந்தும் அணுசக்தி ஆணையத்திலிருந்தும் வந்தது. ஏவுகணைகளை வழிநடத்தும் கருவிகள் அந்த வளாகத்தின் ஆய்வுக்கூடத்திலேயே உருவாயின. சம்பளம் கொடுக்கிற கையைக் கேள்வி கேட்பது எந்த நாட்டிலும் லேசான காரியம் இல்லை. ஃபெஷ்பாக்கோ அப்போது 50 வயது தாண்டியவர், கோட்பாட்டு இயற்பியல் மையத்தின் முதல் இயக்குநர். பேசாமல் இருந்தாலே எல்லாம் கிடைக்கும் என்ற இடத்தில் இருந்தவர். 1969 மார்ச் 4-ஆம் தேதி எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சியை ஒரு நாள் நிறுத்திவைத்து, அறிவியல் எதற்குப் பயன்படுகிறது என்று ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிப் பேசினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் கவலையுற்ற விஞ்ஞானிகள் சங்கம். அதன் முதல் தலைவர் ஃபெஷ்பாக். ஏவுகணை எதிர்ப்பு ஏவுகணைத் திட்டத்தால் பாதுகாப்பு வராது, ஆயுதப் போட்டிதான் வளரும் என்று அந்தச் சங்கம் வாதாடியது.

தன் நாட்டு அரசை மட்டும் கேள்வி கேட்டு நின்றிருந்தால் அந்தக் காலத்து வழக்கப்படி அவருக்கு ஒரு முத்திரை குத்திவிட்டிருப்பார்கள். அவர் அதோடு நிற்கவில்லை. சோவியத் யூனியனில் வெளிநாடு போக அனுமதி கேட்ட யூத விஞ்ஞானிகள் பலர் வேலையை இழந்து, ஆய்வகத்துக்குள் நுழைய முடியாமல், மாஸ்கோவில் வீட்டு அறைகளில் கூடி தங்களுக்குள் கருத்தரங்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். மனித உரிமை பேசிய இயற்பியலாளர் யூரி ஓர்லோவ் 1978-ல் ஏழாண்டு உழைப்பு முகாம் தண்டனை பெற்றார். 1980 ஜனவரியில் சகாரோவ் கார்க்கி நகருக்கு நாடு கடத்தப்பட்டது போல அனுப்பப்பட்டார். அந்த வருஷம் அமெரிக்க இயற்பியல் கழகத்தின் தலைவராக இருந்தவர் ஃபெஷ்பாக். அங்கே முடக்கப்பட்ட சக விஞ்ஞானிகளுக்காக அவர் தொடர்ந்து குரல் கொடுத்தார். அதே சமயம் அமெரிக்க, சோவியத் விஞ்ஞானிகள் ஒருவரோடொருவர் பேசுவது அறுந்துவிடக் கூடாது என்பதிலும் பிடிவாதமாக இருந்தார். ரெண்டையும் சேர்த்துச் செய்வது கஷ்டம். ஒரு பக்கம் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்துவது எளிது. மறுபக்கம் சமாதானம் என்ற பெயரில் வாயை மூடிக்கொள்வதும் எளிது.

1973 முதல் 1983 வரை எம்.ஐ.டி. இயற்பியல் துறைத் தலைவர், 1982 முதல் சில ஆண்டுகள் அமெரிக்கக் கலை அறிவியல் அகாதமியின் தலைவர், 1986-ல் அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் பதக்கம். இஸ்ரேலிய நண்பர் ஆமோஸ் டி-ஷாலிட்டோடு சேர்ந்து அணுக்கரு இயற்பியல் நூல் ஒன்றைத் தொடங்கியிருந்தார். டி-ஷாலிட் 1969-ல் இறந்துபோனார். முதல் தொகுதி 1974-ல் வந்தது. இரண்டாம் தொகுதியை ஃபெஷ்பாக் தனியாக எழுதி முடித்தது 1992-ல், தன் 75-ஆம் வயதில். நண்பனோடு ஒப்புக்கொண்ட வேலையை முடித்துக் கொடுக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆனாலும் விடவில்லை.

இத்தனைக்கும் பிறகு அவர் பெயர் இன்று உலகம் முழுக்க ஆய்வகங்களில் தினமும் உச்சரிக்கப்படுவது அணுக்கருவுக்காக இல்லை. குளிருக்காக.

அறை வெப்பத்தில் சோடியம் அணு ஒன்று நொடிக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் பறக்கிறது. லேசர் ஒளியாலும் காந்தப் பொறியாலும் அதைக் குளிர்வித்து, தனிச் சுழியிலிருந்து ஒரு டிகிரியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு உயரத்துக்குக் கொண்டுவந்தால், அது நொடிக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. எறும்பு வேகம். அப்போது அணு ஒரு சின்னக் குண்டு மாதிரி நடந்துகொள்ளாது. பரந்து கிடக்கும் அலை மாதிரி நடந்துகொள்ளும். இரண்டு அணுக்கள் மோதுவதன் முழு விவரமும் ஒரே ஒரு எண்ணுக்குள் அடங்கிவிடும். அதற்குச் சிதறல் நீளம் என்று பெயர். எண் நேர்க்குறியாக இருந்தால் அணுக்கள் ஒன்றையொன்று தள்ளும், எதிர்க்குறியாக இருந்தால் இழுக்கும், சுழியானால் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமலே கடந்துபோகும்.

இங்கேதான் திண்ணைக் கதை திரும்பி வருகிறது. ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். மோத வரும் இரு அணுக்களின் காந்தங்கள் ஒரு விதமாக அமைந்திருப்பது திறந்த தடம். அவையே வேறு விதமாக அமைந்து, மூலக்கூறாக ஒட்டிக்கிடக்கும் நிலை மூடிய தடம். இரண்டு அமைப்புக்கும் காந்த வலிமை வேறு வேறு. ஆகவே வெளியிலிருந்து காந்தப் புலத்தைக் கூட்டினால் இரண்டின் ஆற்றலும் வேறு வேறு அளவில் நகரும். அதாவது, திண்ணையை ஏற்றி இறக்கலாம்! ஒரு காஸ் அளவு காந்தப் புலம் ஒரு எலெக்ட்ரானின் காந்தத்தை நகர்த்தும் ஆற்றல், வெப்பநிலைக் கணக்கில் ஏறத்தாழ 67 மைக்ரோகெல்வின். அணுக்களின் சொந்த ஆற்றலோ ஒரு மைக்ரோகெல்வின். நம்மைச் சுற்றியுள்ள பூமியின் காந்தப் புலமே கிட்டத்தட்ட அரை காஸ் இருக்கும். அணுக்கருவிடம் தோற்ற கடப்பாரை, இங்கே மலையையே பெயர்க்கிறது.

திண்ணை, வருகிற அணுக்களின் மட்டத்துக்குச் சற்று மேலே இருந்தால் அணுக்கள் ஒன்றையொன்று பலமாக இழுப்பது போல நடந்துகொள்ளும். சற்றுக் கீழே போனால் தள்ளும். நடுவில் சரிசமமாகும் இடத்தில் சிதறல் நீளம் எல்லை மீறிப் போகும். ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்புவது போல, காந்தச் சுருளில் மின்னோட்டத்தைத் திருப்பி, அணுக்களுக்கு நடுவே உள்ள உறவையே மாற்றலாம். காந்தத்துக்குப் பதில் லேசர் ஒளியாலும் இதைச் செய்யலாம் என்று 1996-ல் சொன்னார்கள், பிறகு செய்தும் காட்டினார்கள். ஆனால் ஒளி அணுக்களைச் சூடாக்கி விரட்டியும் விடுகிறது. காந்தம்தான் கைக்கு அடங்கியது.

அதிகுளிர் சீசியம் அணுக்களில் காந்தப் புலத்தால் இது நடக்கும் என்று 1993-ல் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரத்தில் டீசிங்கா, வெர்ஹார், ஸ்டூஃப் ஆகியோர் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். முதன்முதலாகப் போஸ்-ஐன்ஸ்டீன் திரளில் நடத்திக் காட்டியது எங்கே தெரியுமா? எம்.ஐ.டி.யிலேயே. 1998-ல் வோல்ஃப்காங் கெட்டர்லே குழு சோடியம் அணுக்களை வைத்துச் செய்தது. காந்தப் பொறி அவர்களுக்கு வேண்டிய நிலையில் உள்ள அணுக்களைப் பிடிக்காது என்பதால், லேசர் கற்றையால் அணுக்களைத் தூக்கி நிறுத்திவிட்டு, காந்தத்தை வேறு வேலைக்கு விட்டார்கள். 907 காஸ் அருகே வந்தபோது சிதறல் நீளம் பத்து மடங்குக்கு மேல் மாறியது. கூடவே அணுக்கள் சடசடவென்று பொறியிலிருந்து காணாமல் போயின. மூன்று மூன்றாக மோதி, இரண்டு ஒட்டிக்கொண்டு, மூன்றையுமே வெளியே வீசியடிக்கும் மோதல்கள் பெருகியதன் விளைவு அது. கட்டுரைத் தலைப்பிலேயே ஃபெஷ்பாக் பெயர் இருந்தது. அவருக்கு அப்போது வயது 81. அணுக்கருவுக்காக, 40 வருஷத்துக்கு முன் காகிதத்தில் பிரித்த பி-யும் க்யூ-வும், அதே வளாகத்தில் ஒரு கண்ணாடி ஜன்னலுக்குள் நடந்துகொண்டிருந்தன.

2000 டிசம்பர் 22-ஆம் தேதி கேம்பிரிட்ஜ் நகரில் ஃபெஷ்பாக் காலமானார். இரண்டு மாதம் ஆகுமுன், 2001 பிப்ரவரியில் ஃபானோவும் போய்ச் சேர்ந்தார்.

அவர் பார்க்காமல் போனவை நிறைய. 2001-ல் கொலராடோவின் போல்டரில் கார்னெல், வீமன் குழுவினர் ரூபிடியம்-85 அணுக்களின் தள்ளலைச் சட்டென்று இழுப்பாக மாற்றினார்கள். திரள் உள்ளே சுருங்கி, நட்சத்திரம் வெடிப்பது போலச் சிதறியது. போஸ்நோவா என்று பெயர் வைத்தார்கள். யாருக்கும் அடங்காமல் இருந்த சீசியம் 2002-ல் இன்ஸ்ப்ரூக்கில் இந்த வித்தையால்தான் திரளானது. அதே போல்டரில் டெபோரா ஜின், தங்களுக்குள் ஒட்டவே ஒட்டாத பொட்டாசியம்-40 அணுக்களைக் காந்தப் புலத்தால் ஜோடி சேர்த்து, 2004-ல் அந்த ஜோடிகளின் திரளையே உண்டாக்கிக் காட்டினார். அந்த அம்மையார் 2016-ல் 47 வயதில் மறைந்தது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். இன்னொன்று: 1970-ல் லெனின்கிராடில் இருந்த எஃபிமோவ், இரண்டு இரண்டாக ஒட்டாத மூன்று துகள்கள் மூன்றாகச் சேர்ந்தால் ஒட்டும் என்று, அவரும் அணுக்கருவை மனதில் வைத்தே, கணக்குப் போட்டிருந்தார். அணுக்கருவில் அது பிடிபடவே இல்லை. 2006-ல் சீசியத்தில், ஃபெஷ்பாக் ஒத்ததிர்வின் பக்கத்தில் காந்தத்தை நிறுத்திவைத்துப் பார்த்தபோது தெரிந்தது.

போன வருஷம் துறைக்குப் போயிருந்தேன். கண்ணாடி பீரோ அதே இடத்தில் இருக்கிறது. மேல் தட்டில் முதல் தொகுதி மட்டும் நிற்கிறது, பக்கத்தில் ஒரு தொகுதி அகலத்துக்குக் காலி இடம். பதிவேட்டில் பெயர் மசி ஊறி அழிந்திருக்கிறது, வருஷமும் தெரியவில்லை. அலைகளின் மோதலைப் பற்றிய கணக்குகள் பெரும்பாலும் அந்த இரண்டாம் தொகுதியில்தான் உண்டு. எந்த பேட்ச், யார் வீட்டுப் பரணில் கிடக்கிறதோ தெரியாது. சந்திப்பு நாளன்று பையில் போட்டுக் கொண்டுவந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் தட்டில் வைத்துவிட்டுப் போனால் போதும். அபராதம் கேட்க மாட்டோம்.